என் தம்பி ஒன்பது தடவை செத்த கதை

என் தம்பி கணேசன் என் மடியில் ஏழாவது தடவையாகச் செத்துக்கொண்டிருந்தபோது அவன் வயிறு இரைந்தது.

நல்ல சத்தம். சுற்றிலும் வெடிச் சத்தம், புகை, கழுத்தில் வழியும் சிவப்புச் சாயம். நாட்டுக்காக உயிரை விட்ட வீரனின் வயிறு மட்டும் மதியச் சோறு எப்போது என்று கேட்டது.

"கட்!" என்று கத்தினார் டைரக்டர். பக்கத்தில் செத்துக் கிடந்த ராமையா கண்ணைத் திறக்காமலே சிரித்தார். நான் சிரிக்கவில்லை. மடியில் கிடந்தவனும் சிரிக்கவில்லை. அந்தப் படப்பிடிப்புக்கு முன்னால் நாங்கள் இரண்டு பேரும் ஒருவரோடு ஒருவர் பேசி ஏழு வருஷம் ஆகியிருந்தது.

போன வாரம் நான் எழுதிய காட்டுப்பன்றி வேட்டையைப் படித்துவிட்டு என் மனைவி பார்வதி பத்திரிகையை மடித்து என் முன்னால் வைத்தாள். "அந்தப் பன்னியச் சுட்டது எங்க அண்ணன். நீங்க மரத்து மேல இருந்தீங்க" என்றாள். உண்மைதான். பதினாறு வாரமாக இந்தத் தொடரில் என்னை நல்லவனாகவும் வீரனாகவும் காட்டி வருகிறேன். வாசகர்களும் நம்பி வருகிறார்கள். இந்த வாரம் அது முடியாது. என் தம்பி ஏன் என்னோடு பேசவில்லை என்பதைச் சொல்ல வேண்டும், அதில் நான் மரத்து மேல் இல்லை, கீழே நின்றுதான் செய்தேன்.

திடீர்ப் படையெடுப்பு, மதியம் ஒன்றரை மணிக்கு

ஈஜோக் பக்கம் ஒரு பழைய செம்பனைத் தோட்டம். வீடுகள் கட்ட விற்றாகிவிட்டது, இடிக்க வர வேண்டியவர்கள் இன்னும் வரவில்லை. அந்த இடைவெளியில் கோலாலம்பூரிலிருந்து ஒரு படக் கம்பெனி வந்து இறங்கியது.

கதை இதுதான். ஜப்பான்காரன் திடீரென்று நாட்டுக்குள் நுழைகிறான். ஆற்றோரத்தில் வெள்ளைக்காரன் பட்டாளத்தைச் சேர்ந்த ஒரு சின்னக் கூட்டம். எல்லாரும் இந்தியச் சிப்பாய்கள், தலைமைக்கு மட்டும் ஒரு வெள்ளைக்காரன். ஆயிரக்கணக்கான எதிரிகளை அந்தக் கூட்டம் மூன்று நாள் தடுத்து நிறுத்துகிறது. ஒருவன் மிச்சமில்லாமல் செத்துப்போகிறது. படத்தைப் பார்த்து ஜனங்கள் அழ வேண்டும்.

சிப்பாய்களுக்கு உள்ளூர்த் தமிழர்கள் போதும் என்று முடிவானது. இளவட்டங்கள் எல்லாம் ஷா ஆலாம் தொழிற்சாலைகளிலும் உணவு டெலிவரி மோட்டாரிலும் இருந்ததால், நாட்டைக் காக்கும் பொறுப்பு ஓய்வுபெற்றவர்கள் தலையில் விழுந்தது. நாற்பது பேர் சேர்ந்தோம். அதில் பாதிப் பேருக்குச் சர்க்கரை, மீதிப் பேருக்கு முட்டி வலி. தலைக்கு மை பூசினார்கள், முகத்தில் சேற்றை அப்பினார்கள். சேறு வயசை மறைக்குமாம். எனக்கு அறுபத்தொன்று, இன்னும் கொஞ்சம் சேறு கேட்டு வாங்கிக்கொண்டேன்.

செம்பனை எண்ணெய் ஆலையில் எடைப்பாலத்தில் முப்பது வருஷம் லோரிகளை எடை போட்டவன் நான். ஓய்வுபெற்றபின் வீட்டில் உட்கார்ந்து பார்வதியின் சமையலுக்கு யோசனை சொல்லி வந்தேன். போருக்கு என்னை அனுப்பியது அவள்தான்.

எதிரிகள் பாசிர் பெனாம்பாங்கிலிருந்து வந்தார்கள். மீன்பிடிக்கும் சீனப் பையன்கள். அதிகாலையில் கடலுக்குப் போய், மீனை இறக்கி, குளித்து, சாப்பிட்டுவிட்டுத்தான் படையெடுக்க வருவார்கள். ஆகவே அந்தத் திடீர்ப் படையெடுப்பு தினமும் மதியம் ஒன்றரைக்கு நடந்தது. சில நாள் அதுவும் தாமதம். நாங்கள் பதுங்குகுழியில் குறட்டை விட்டுக்கொண்டு தாக்குதலுக்குக் காத்திருப்போம்.

இன்னொரு சின்னச் சங்கடம். எதிரிகள் பதினெட்டுப் பேர்தான். பதினெட்டை ஆயிரமாக்குவதைக் கணினி பார்த்துக்கொள்ளும் என்றார்கள். ஆனால் தோட்டத்தில் நின்று பார்த்தால், நாற்பது பேர் பதினெட்டுப் பேரிடம் தினமும் தோற்றுக்கொண்டிருந்தோம். "நியாயமாப் பாத்தா நாமதான் லா அவனுங்களை அமுக்கிப் பிடிக்கணும்" என்றார் ராமையா. அவர் பழைய மண்டோர், தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்கியவர். ஆள் எண்ணிக்கையில் யாரும் அவரை ஏமாற்ற முடியாது.

எங்களைக் கட்டி மேய்த்தது ஷர்மிளா என்ற துணை டைரக்டர் பெண். கிள்ளான்காரி. அவளுடைய பூட்டன் இதே வட்டாரத்தில் தோட்டக் கணக்கு எழுதும் கிராணியாக இருந்த யாழ்ப்பாணத்துக்காரர். காலையில் கையில் பட்டியலோடு அவள் பெயர் வாசித்து வரிசையில் நிறுத்துவாள்.

"உங்க பூட்டனும் இப்படித்தான் எங்க பூட்டனுக்குப் பெரட்டு எடுத்தாரு, பிள்ள" என்றேன்.

"அவர் லேட்டா வந்தா அரை நாள் சம்பளம் கட் பண்ணுவாராம், அங்கிள். நானும் அதான்" என்றாள். நாலு தலைமுறை ஆகியும் வரிசையில் நிற்பது நாங்கள், பெயர் வாசிப்பது அவர்கள். முன்னேற்றம் என்னவென்றால் இப்போது 'அங்கிள்' என்று கூப்பிடுகிறார்கள்.

முதல் நாளே பட்டியலில் கணேசன் பெயரைக் கேட்டேன். அவன் நீண்டதூர லோரி ஓட்டுகிறவன். வண்டி பட்டறையில் கிடந்ததால் வந்திருக்கிறான். வரிசையின் அந்தக் கடைசியில் அவன் நின்றான், இந்தக் கடைசியில் நான். நடுவில் முப்பத்தெட்டுப் பேர். எல்லாருக்கும் விஷயம் தெரியும். எல்லாரும் ரொம்ப ஆவலாக இருந்தார்கள்.

நிஜப் படையெடுப்பில் நடந்தது

படத்தில் தோட்டத்துத் துரை ஒருவர் வருகிறார். தொழிலாளர்களைக் கட்டிப்பிடித்து, கண்கலங்கி, துப்பாக்கியோடு அவர்கள் முன்னால் நிற்கிறார்.

என் அப்பாவுக்கு அப்போது பத்து வயசு இருக்கலாம். அவர் பார்த்த துரை காலையிலேயே காரில் ஏறினார். துரைசானி ஏறினாள், நாய் ஏறியது. ரப்பர் மரத்தில் பால்வெட்டு ஒரு நாளும் நிற்கக்கூடாது என்று கிராணியிடம் சொல்லிவிட்டுத் துரை போய்விட்டார். மறுநாள் எல்லாரும் வழக்கம்போல் பெரட்டுக்குப் போனார்கள். எதிர்த்து நில் என்றும் அவர்களிடம் யாரும் சொல்லவில்லை, ஓடு என்றும் சொல்லவில்லை.

ஜப்பான்காரன் வந்ததும் முதல் வேலையாக மண்டோரின் சைக்கிளை எடுத்துக்கொண்டான். எங்கள் தோட்டத்தில் எதிர்ப்பு என்று நடந்தது அது ஒன்றுதான். மண்டோர் கைப்பிடியை விடாமல் கொஞ்ச நேரம் இழுத்தாராம்.

அதற்கப்புறம் சிரிக்க ஒன்றுமில்லை. அப்பாவின் அண்ணனை லோரியில் ஏற்றிச் சயாமுக்கு ரயில் பாதை போடக் கொண்டுபோனார்கள். அவர் திரும்பவில்லை. என்றைக்குச் செத்தார் என்று தெரியாது, எங்கே என்றும் தெரியாது. வாய்க்கு அரிசி போட ஆளில்லை, நெருப்பு வைக்க உடம்பில்லை. திதி கொடுக்க ஒரு நாள்கூட இல்லை.

அதனால்தானோ என்னவோ, எங்கள் வீட்டில் சாவுச் சடங்கு என்றால் ஒன்று குறையக்கூடாது. கண்ணை மூட வேண்டும், நாடிக்கட்டு கட்ட வேண்டும், கால் பெருவிரல் இரண்டையும் சேர்த்துக் கட்ட வேண்டும், தலையைத் தெற்கே வைக்க வேண்டும். உடம்பு கிடைத்தவர்கள் அதைச் சரியாக அனுப்பிவைக்க வேண்டும் என்பது அப்பாவின் கட்சி. அப்பா போனபோது நான் நாடிக்கட்டு கட்டினேன், கணேசன் கால் விரலைக் கட்டினான். தகப்பனுக்கு மூத்தவன், தாய்க்கு இளையவன் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். அப்பாவுக்கு நான் கொள்ளி வைத்தேன்.

அம்மாவுக்குக் கணேசன் வைக்க வேண்டும்.

அம்மா போன நாள்

கடைசி மூன்று வாரம் அம்மா என் வீட்டில்தான் படுத்திருந்தாள். கஞ்சி ஊட்டியது நான். துணி மாற்றியது பார்வதி. கரண்டியை வாய்க்குக் கொண்டுபோகும்போதெல்லாம் அம்மா கேட்டது ஒன்றே ஒன்று: "கணேசன் வந்துட்டானா?"

அந்த மூன்று வாரத்தில் அவன் வந்தது இரண்டு தடவை. அவன் வந்தால் அம்மா எழுந்து உட்காருவாள். சிரிப்பாள். அவன் போனதும் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொள்வாள், நான் கஞ்சிக் கிண்ணத்தோடு அந்த முதுகைப் பார்த்து உட்கார்ந்திருப்பேன். எனக்கு அம்மா மேல் கோபம் வரவில்லை. எல்லாக் கோபமும் அவன் மேல் போனது.

ஒரு விடியற்காலை அம்மா போய்விட்டாள். கணேசன் லோரியோடு வடக்கே எல்லையில், பாடாங் பெசாரில் இருந்தான். லோரியை அங்கேயே விட்டுவிட்டு, யாருடைய காரிலோ ஏறிப் புறப்பட்டான். மதியம் கூப்பிட்டான். "தாப்பா தாண்டிட்டேன். ரெண்டு மணி நேரத்துல வந்துருவேன். என்னை விட்டுட்டு எடுத்துறாத அண்ணே."

"சரி" என்றேன்.

பிறகு போனை அணைத்துச் சட்டைப் பையில் போட்டேன். வெளியே வந்து, "கணேசனுக்கு லைன் கிடைக்கல. மழை வர்ற மாதிரி இருக்கு. எடுத்துருவோம்" என்றேன். சடங்கு செய்ய வந்த பண்டாரம், "தாய்க்குச் சின்னவருதானே..." என்று இழுத்தார். "அவன் வரமாட்டான்" என்றேன். நெருப்புச் சட்டியை நான் தூக்கினேன்.

நாங்கள் கொள்ளி வைத்துவிட்டுத் திரும்பும்போது கணேசன் சுடுகாட்டு வாசலில் இறங்கினான். சட்டையில் வேர்வை காய்ந்து உப்புப் பூத்திருந்தது. உள்ளே புகையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். கத்தவில்லை, சட்டையைப் பிடிக்கவில்லை. வந்த காரிலேயே ஏறிப் போனான். மறுநாள் ராவாங்கில் ஒரு முடிதிருத்தும் கடையில் தனியாக உட்கார்ந்து மொட்டை போட்டுக்கொண்டான் என்று கேள்விப்பட்டேன்.

ஏழு வருஷமாக எல்லாரிடமும் மழையைக் காரணம் சொல்லி வந்தேன். அன்றைக்கு மழை பெய்யவே இல்லை.

தெற்கு எந்தப் பக்கம்?

படப்பிடிப்பின் நாலாவது நாள் ஷர்மிளா எங்கள் இரண்டு பேரையும் வரிசையிலிருந்து இழுத்தாள். "உங்க ரெண்டு பேருக்கும் ஒரே முகம் அங்கிள்! டைரக்டருக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு. நீங்க ரெண்டு பேரும் அண்ணன் தம்பி. தம்பி குண்டடிபட்டு உங்க மடியில சாகிறார்."

முப்பத்தெட்டுப் பேரும் ஒரே நேரத்தில் இருமினார்கள்.

முடியாது என்று அவன் சொல்வான் என்று நான் எதிர்பார்த்தேன். நான் சொல்வேன் என்று அவன் எதிர்பார்த்திருப்பான். வீம்பு எங்கள் குடும்பச் சொத்து, சமமாகப் பங்கு போட்டுக்கொண்டது. இரண்டு பேரும் வாயைத் திறக்கவில்லை. அவன் வந்து என் மடியில் தலை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டான். ஐம்பத்தாறு வயசு, நல்ல கனம்.

முதல் மூன்று தடவை நான் மரக்கட்டையாக உட்கார்ந்திருந்தேன். டைரக்டர் தலையைச் சொறிந்தார். ஷர்மிளா வந்து குந்தினாள். "அங்கிள், ஆக்டிங் வேணாம். சொந்தத் தம்பி செத்தா என்ன செய்வீங்களோ அதை மட்டும் செய்யுங்க."

நாலாவது தடவை வெடி கொஞ்சம் பக்கத்தில் வெடித்தது. மண் வந்து விழுந்தது. கணேசனின் தலை சரிந்து, வாய் லேசாகத் திறந்துகொண்டது. அப்பாவின் வாயும் அப்படித்தான் திறந்திருந்தது.

என் கை தானாகவே வேலையைத் தொடங்கியது. திறந்த வாய் எங்கள் வீட்டில் நிற்காது. என் காலில் சுற்றியிருந்த பட்டைத் துணியை அவிழ்த்து, அவன் தாடையைத் தூக்கி, உச்சந்தலையில் முடிச்சுப் போட்டேன். அவன் பூட்ஸைக் கழற்றி, கால் பெருவிரல் இரண்டையும் சேர்த்துக் கட்டினேன். பதினெட்டு ஜப்பான்காரர்களும் துப்பாக்கியை நீட்டிக்கொண்டு பாய்ந்து வருகிறார்கள், நான் முடிச்சு சரியாக விழுந்ததா என்று இழுத்துப் பார்க்கிறேன். அப்புறம்தான் கவனித்தேன், தலை வடக்கே இருந்தது. ஆறு மேற்கே ஓடுகிறது, தெற்கு எனக்குத் தெரியும். அக்குளில் கை கொடுத்து, முனகிக்கொண்டு, போர்க்களத்தின் நடுவில் தம்பியை அரைவட்டமாகத் திருப்பிப் போட்டேன். கேமராவுக்கு அவன் உள்ளங்கால் மட்டும் தெரிந்தது.

எதிரிகள் ஓடி வந்து, என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார்கள். ஒருவன் துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டு, "அங்கிள், ஓகேயா?" என்று மலாய் மொழியில் கேட்டான்.

"யோவ் மணி!" என்று என்னைப் பார்த்துக் கத்தினார் ராமையா, செத்த இடத்திலிருந்து எழுந்து உட்கார்ந்து. "உயிரோட இருக்கிற ஆளுக்கு நாடிக்கட்டு கட்றியே, அறிவிருக்கா உனக்கு?"

டைரக்டர் ஓடி வந்தார். ஷர்மிளா ஆங்கிலத்தில் அவருக்கு எல்லாவற்றையும் விளக்கினாள். அவர் கணேசனின் கால் விரலைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு அவர் சொன்னதை ஷர்மிளா தமிழில் சொன்னாள். "ரொம்ப அழகா இருக்காம் அங்கிள். மறுபடி அப்படியே செய்யணுமாம். ஆனா ஆளைத் திருப்பக்கூடாதாம்."

"தலை தெக்கே இல்லாம எப்படி பிள்ள?"

"சினிமா அங்கிள். தெற்கு எங்கே இருக்குன்னு யாருக்குத் தெரியும்?"

"எனக்குத் தெரியுமே."

அரை மணி நேரம் வாக்குவாதம். ஒரு கம்பெனியை, வெடிபொருளை, அறுபது ஆட்களை நான் நிறுத்தி வைத்தேன். எங்கிருந்து அந்தத் துணிச்சல் வந்ததோ தெரியாது. கடைசியில் கேமராவை மாற்றினார்கள், விளக்கை மாற்றினார்கள், பதுங்குகுழி மூட்டைகளை மாற்றினார்கள். வடக்கிலிருந்து வந்துகொண்டிருந்த ஜப்பானியப் படை அன்றிலிருந்து கிழக்கே செம்பனைக் காட்டுக்குள்ளிருந்து வந்தது. நாடு பிடிக்க வந்தவர்களுக்கு வழி மாற்றிவிட்ட முதல் எடைப்பாலக்காரன் நானாகத்தான் இருப்பேன்.

இவ்வளவுக்கும் கணேசன் எழுந்திருக்கவில்லை. தாடைக் கட்டோடு அப்படியே கிடந்தான்.

கட்டுக்குள்ளிருந்து ஒரு குரல்

ஐந்தாவது தடவை. கண்ணை மூடினேன், துணியைச் சுற்றினேன். முடிச்சுப் போடக் குனிந்தபோது, உதடு அசையாமல், பல்லுக்கிடையிலிருந்து குரல் வந்தது.

"அம்மாவுக்கும் நீதான் கட்டுனியா?"

ஏழு வருஷத்துக்கு அப்புறம் முதல் வார்த்தை. என் கை நின்றுவிட்டது.

"ஆமா" என்றேன்.

"கட்!" கை நின்றது பிடிக்கவில்லையாம்.

ஆறாவது தடவை. "கால் விரலு?"

"அதும் நான்தான். உன் வேல அது."

ஏழாவது தடவை. "கடைசியா என்ன சொல்லுச்சு?" என்றான். நான் முடிச்சை இறுக்கினேன். அப்போதுதான் அவன் வயிறு இரைந்தது.

அன்றைக்குத் தாமதமாகத்தான் சோறு வந்தது. எல்லாரும் போய் உட்கார்ந்தார்கள். அவன் ஒரு செம்பனை மரத்தடியில், நான் இன்னொன்றில். கறி நன்றாக இருந்தது என்று மற்றவர்கள் சொன்னார்கள்.

எட்டாவது தடவை அவன் ஒன்றும் கேட்கவில்லை. நானே சொன்னேன். "உன்னத்தான் கேட்டுச்சு. மூணு வாரமும். கணேசன் வந்துட்டானான்னு. வேற ஒண்ணுமே பேசல." மூடிய இமைக்குள் அவன் கண் உருண்டது. பிணத்தின் கண் உருளக்கூடாது என்பதால் அதுவும் வீணாய்ப் போனது.

ஒன்பதாவது தடவை. வெடி, புகை, கூச்சல் எல்லாம் சரியாக அமைந்தன. நான் நாடிக்கட்டைக் கட்டி முடித்தேன்.

"ஏன் காத்திருக்கல?"

"மழ வரும்னு..."

"அன்னிக்கு மழ பெய்யல."

அவனுக்குத் தெரிந்திருக்கிறது. முதல் நாளிலிருந்தே தெரிந்திருக்கிறது.

"வேணும்னுதான்டா செஞ்சேன்" என்றேன். "ரெண்டு மணி நேரம் காத்திருந்திருக்கலாம். போனை நான்தான் அணைச்சேன். கஞ்சி ஊத்துனவன் நான், பேரு சொன்னது உன்னைய. உன் கையால போகணும்னு அது ஆசப்பட்டுச்சு, எனக்குப் பொறுக்கல. அவ்வளவுதான். மழையும் இல்ல, ஒண்ணும் இல்ல."

அவன் நெஞ்சின் மேல் முகத்தை வைத்து அழுதேன். அம்மா செத்த அன்றுகூட நான் அப்படி அழவில்லை. அன்று எனக்கு வேலை அதிகம்.

"கட்!" என்றார் டைரக்டர். அவர் கண்ணும் கலங்கியிருந்தது. கேமராக்காரர்கள் கைதட்டினார்கள், மற்ற பிணங்கள் எழுந்து கைதட்டின, ஜப்பான்காரர்கள் விசிலடித்தார்கள். பெற்ற தாய்க்கும் கூடப் பிறந்தவனுக்கும் செய்த துரோகத்தை ஒப்புக்கொண்டதற்கு இவ்வளவு பாராட்டு வேறு யாருக்கும் கிடைத்திருக்காது.

கணேசன் எழுந்தான். தாடைக் கட்டை அவிழ்த்தான். குனிந்து கால் கட்டை அவிழ்த்தான். பூட்ஸைக் கையில் எடுத்துக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் நடந்தான். மறுநாள் வரவில்லை. செத்தவனுக்கு மறுநாள் வேலை இல்லை என்று ஷர்மிளா சொன்னாள்.

வீட்டுக்கு வந்து பார்வதியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். போனை அணைத்த விஷயம் அவளுக்கும் அதுவரை தெரியாது.

"மன்னிப்புக் கேட்டீங்களா?"

"நடந்ததச் சொன்னேன்."

"ரெண்டும் ஒண்ணா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போனாள்.

பதினோரு நொடி

பல மாசம் கழித்துப் படம் வந்தது. கிள்ளானில் ஒரு பேரங்காடித் தியேட்டரில் நானும் பார்வதியும் பார்த்தோம். எங்கள் பதினெட்டுப் பையன்கள் கணக்கில்லாத படையாகப் பெருகியிருந்தார்கள். எல்லாருக்கும் அதே பதினெட்டு முகம்தான், அடுத்தடுத்து வந்ததால் யாரும் கண்டுபிடிக்கவில்லை. ராமையா நான்கு இடங்களில் செத்தார். துரை கடைசிவரை சாகாமல் நிறையப் பேசினார்.

எங்கள் காட்சி பதினோரு நொடி. நாங்கள் பேசியதை எடுத்துவிட்டு வயலின் போட்டிருந்தார்கள். திரையில் நான் குனிந்து கட்டுகிறேன், வாய் அசைகிறது, முகம் உடைகிறது, அவன் நெஞ்சில் விழுகிறேன். தியேட்டரில் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள்.

அப்போது பிணத்தின் கை எழுந்தது.

வலது கை. மெதுவாக எழுந்து, என் முதுகின் மேல் வந்து, இரண்டு தடவை தட்டிக்கொடுத்தது. பிறகு தனக்குச் சாவு வந்தது நினைவுக்கு வந்ததுபோல் கீழே விழுந்தது.

தியேட்டர் முழுக்கச் சிரிப்பு. "செத்தவன் தட்டிக் குடுக்கிறான் லா!" என்று பின் வரிசையில் ஒரு பையன் கத்தினான். பார்வதி என் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன், அங்கே வேறு யாரோ செத்துக்கொண்டிருந்தார்கள். முதுகில் பழைய பேப்பர் திணித்த ராணுவப் பை இருந்ததால் அன்றைக்கு அந்தக் கை எனக்குத் தெரியவே இல்லை. நான் அழுததோடு காரியம் முடிந்தது, அவன் ஒன்றும் சொல்லாமல் போய்விட்டான் என்று இத்தனை மாசம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்தப் பதினோரு நொடி ஒவ்வொரு போனுக்கும் போனது. எடிட்டர் தூங்கிவிட்டார் என்றார்கள், பேய்ப் படம் என்றார்கள். ஷர்மிளா என்னைக் கூப்பிட்டு வருத்தப்பட்டாள். "சாரி அங்கிள், யாருமே கவனிக்கல. அடுத்த தடவை வெளியிடும்போது கம்ப்யூட்டர்ல அந்தக் கையை அழிச்சிடுவோம்."

"தொடாத பிள்ள" என்றேன். "உனக்குக் கோடிப் புண்ணியம். அந்தக் கையத் தொடாத."

போனை வைத்துவிட்டு, இன்னொரு எண்ணை அழுத்தினேன். ஏழு வருஷமும் அந்த எண்ணை நான் அழிக்கவில்லை. மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுத்தான். பின்னால் லோரி இஞ்சின் சத்தம் கேட்டது.

"அப்பவே கேட்டிருக்கணும். தப்பு எம் மேலதான், என்னை மன்னிச்சிரு" என்றேன். "வியாழக்கிழம அம்மா திதி. ஜெராம் கடற்கரையில. நீதான் செய்யணும்."

இஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது.

"எத்தன மணிக்கு?"

"எட்டு."

"லோடு இருக்கு. லேட்டானாலும் ஆகும்."

"சரி."

"காத்திருப்பியா அண்ணே?"

அந்த 'அண்ணே'க்கு நான் என்ன பதில் சொன்னேன் என்று நினைவில்லை. பார்வதி என் கையிலிருந்து போனை வாங்கி, "வா தம்பி" என்று சொன்னது மட்டும் தெரியும்.

வியாழக்கிழமை ஏழரைக்கே போய்விட்டோம். வாழையிலை, எள், பச்சரிசி மாவு, பழம் எல்லாம் மணலில் விரித்து வைத்தாயிற்று. எட்டு ஆனது. ஒன்பது ஆனது. கடல் பின்வாங்கி, கரையோரம் சேறு தெரிய ஆரம்பித்தது. பண்டாரம் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அவருக்குக் கிள்ளானில் இன்னொரு திதி இருந்தது.

"தண்ணி எறங்குதுங்க. இன்னும் போனா முட்டிச் சேத்துல நடந்துதான் பிண்டத்தக் கரைக்கணும். மூத்தவரு நீங்க இருக்கீங்களே, செஞ்சிருவமா?"

"நடப்போம்" என்றேன். "உக்காருங்க."

பத்தே காலுக்கு லோரி வந்து நின்றது. வேண்டுமென்றேதான் அவன் தாமதமாக வந்தான் என்று பார்வதி இன்றும் சொல்கிறாள். நான் அவனிடம் அதைக் கேட்கவில்லை, கேட்கும் யோக்கியதை எனக்கு இல்லை. கணேசன் செருப்பைக் கழற்றிவிட்டு மணலில் நடந்து வந்தான். இலையைப் பார்த்தான். தூரத்தில் போய்விட்ட தண்ணீரைப் பார்த்தான்.

"இன்னும் ஆரம்பிக்கலியா?" என்றான்.

"நீ வரலியேடா" என்றேன்.